பழுப்பு டயலுக்குப் பூசிய நீலம்

2004-ஆம் வருடக் குளிர்காலம், டெல்லி ஜனக்புரி. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அது நின்றும் போன குளிர்காலம். கோபம் ஆறியதும் எழுதலாம் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

‘ஒரு பழைய வாட்ச்சுக்காகக் கல்யாணத்தை நிறுத்தின பொண்ணு’ என்று எங்கள் குடியிருப்பில் இன்றும் என்னைச் சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி இது.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. எங்களிடம் ஒரு வெப்பமானி வந்தால், திருத்துவதற்கு முன்னால் அது வந்த நிலையில் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சொந்தக்காரரைக் கேட்க வேண்டும். அவர் சரி என்றால்தான் திருப்புளியைக் கையில் எடுக்கலாம். குறிக்காமல், கேட்காமல் கை வைத்துவிட்டால், அந்தக் கருவி அதுவரை என்ன காட்டிக்கொண்டிருந்தது என்பது இனி யாருக்குமே தெரியாது. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது.

என் பொழுதுபோக்கு கைக்கடிகாரம் சேர்ப்பது. எல்லாக் கடிகாரமும் இல்லை. எழுபதுகளில் ஜப்பானில் செய்த, பேட்டரி இல்லாமல் கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்ளும் ஆட்டோமேடிக் கடிகாரங்கள். அதிலும் ஸ்டாப்வாட்ச் சேர்ந்த க்ரோனோகிராஃப் மட்டும். மேல் பொத்தானை அழுத்தினால் நடுவில் உள்ள நீண்ட முள் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் பட்டென்று பன்னிரண்டுக்குத் திரும்பிவிடும். கல்லூரியில் படிக்கும்போது, செங்கோட்டைக்குப் பின்னால் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், செத்துப்போன டெலிபோன்களுக்கு நடுவே ஒன்றைப் பார்த்தேன். அந்தப் ‘பட்’டுக்காகவே வாங்கினேன்.

டயல் பைத்தியம் அதற்குப் பிறகுதான் பிடித்தது. ஒரே மாடல் நீலத்தில் வரும், வெள்ளியில் வரும், மஞ்சளில் வரும். முதலில் வந்தவற்றின் டயலில் ‘தண்ணீர் புகாது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். பிறகு வந்தவற்றில் அதையே ‘தண்ணீரைத் தாங்கும்’ என்று அடக்கமாக மாற்றிவிட்டார்கள். ஆறு மணிக்குக் கீழே, விளிம்பில், லென்ஸ் வைத்தால் மட்டும் தெரியும் ஓர் எண் இருக்கும். அது அந்தக் கடிகாரத்துக்கு உரிய எண்தானா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் பொருந்தினால் டயல் அசல்.

டெல்லியில் விற்கும் பழைய கடிகாரங்களில் அசல் டயல் அபூர்வம். மங்கிப்போன டயலைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, எழுத்தையும் கோடுகளையும் மறுபடி அச்சடித்துப் பளபளவென்று விற்பார்கள். ‘ரீடயல்’ என்று பெயர். வாங்குகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. எனக்கு அது பிணத்துக்குப் பவுடர் போட்டு உட்காரவைத்த மாதிரி இருக்கும்.

என்னிடம் இருந்தவற்றில் ஒன்றின் டயல் பழுப்பு. பிறக்கும்போது அதுவும் நீலம்தான். வெயில் பட்டுப் பட்டுச் சில டயல்களின் நீலம் மட்டும் இப்படிப் பழுப்பாகும். என்னுடையதில் இடப்பக்கம் வெல்லப்பாகு நிறம். வலப்பக்கம் போகப் போக அது இருண்டு, கடைசியில் ஒரு கீற்று மட்டும் கருநீலம் மிச்சம் இருக்கும். முதல் காலத்து டயல், விளிம்பு எண் பொருந்திய டயல், அதன் மேல் இந்த நிறம். பல வருடம் தேடிக் கிடைத்தது. இதேபோல் இன்னொன்று இருக்க முடியாது. வெயில் இரண்டு முறை ஒரே மாதிரி அடிப்பதில்லை.

இப்போது அவரைப் பற்றி. இங்கே ‘அவர்’ என்றே எழுதுகிறேன். கோபத்தில் மரியாதையைக் குறைப்பது என் பழக்கம் இல்லை.

கரோல் பாகில் பிறந்து வளர்ந்த டெல்லித் தமிழர், சாஃப்ட்வேர் வேலை. பெண் பார்க்க அப்பா அம்மாவோடு வந்திருந்தார். நான் காபித் தட்டை நீட்டியபோது அவருடைய அம்மாவின் கண் என் மணிக்கட்டில் நின்றது.

“ஆம்பளை வாட்ச் மாதிரி இருக்கே, பேட்டா?”

என் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் காபி ஆறியிருக்கும். காலையிலேயே மெல்லிய தங்கநிற வாட்ச் ஒன்றை எடுத்துவைத்திருந்தாள். நான்தான் கட்டவில்லை.

அவர்தான் குறுக்கே பேசினார். “அம்மா, அது ஸ்டாப்வாட்ச். காமிங்களேன், எப்படி ஓடுது?”

கழற்றிக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினார். முள் ஓடியது. கீழ்ப் பொத்தானை அழுத்தியதும் அது பட்டென்று திரும்ப, “அரே வா!” என்று சின்னப் பையன் மாதிரி சிரித்தார். நான் சரி என்று சொன்னதற்கு அந்தச் சிரிப்பு ஒரு முக்கியக் காரணம். அதுவரை என் கடிகாரங்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் இதற்கெல்லாம் ஏன் செலவழிக்கிறாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எப்படி ஓடுகிறது என்று கேட்ட முதல் ஆள் இவர்.

பிறகு சந்தித்தபோதெல்லாம் டயல் பற்றிப் பேசியிருக்கிறேன். கேட்டுக்கொள்வார். கேள்வியும் கேட்பார்.

“இந்தப் பழுப்பை ஏன் சரிபண்ணக் கூடாது?”

“பண்ணினா இது போயிடும்.”

“அச்சா! அப்போ கறைக்குத்தான் மதிப்பா?”

“கறை இல்லைங்க. வயசு.”

“சரிங்க மேடம். வயசு.”

தெரியாமல் செய்தார் என்று யாராவது சொல்ல வந்தால், இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் அந்தப் பழுப்பு டயல் கடிகாரத்துக்கு ஒரு கோளாறு வந்தது. கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முள் பன்னிரண்டைத் தாண்டிப் போய் நின்றது. நான் வழக்கமாகக் கொடுக்கும் ரிப்பேர்க்காரர் ஊருக்குப் போயிருந்தார். “எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு கடை இருக்கு. அப்பா வாட்ச்செல்லாம் அங்கதான். குடு, நான் பாத்துக்கறேன்” என்றார் அவர்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவரிடம் ஒரு கடிகாரத்தைக் கொடுக்கத் தயங்கினால் அப்புறம் என்ன கல்யாணம்? கொடுத்தேன். கொடுக்கும்போது தெளிவாகச் சொன்னேன். “உள்ளே மெஷினை மட்டும் பாக்கச் சொல்லுங்க. டயலைத் தொடக் கூடாது. துடைக்கக்கூடக் கூடாது.”

“துடைக்கக்கூடவா?”

“ஆமா.”

“ஓகே பாஸ். டயல்தான் கர்ப்பகிரகம். யாரும் உள்ளே போக மாட்டாங்க.”

சிரித்தோம்.

அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும், “பார்ட் வரல, பம்பாய்லேர்ந்து வரணுமாம்” என்பார். “ஜல்தி என்ன? டென்ஷன் வேண்டாம்” என்பார். நானும் டென்ஷன் ஆகவில்லை. பழைய மெஷினுக்குப் பாகம் கிடைப்பது கஷ்டம் என்பது எனக்குத் தெரியாதா?

டிசம்பரில், ஜனக்புரியில் ஒரு சமுதாயக் கூடத்தில் நிச்சயதார்த்தம். தட்டு மாற்றி, மோதிரம் போட்டு, எல்லாரும் சாப்பாட்டுக்கு எழப்போன நேரத்தில், “ஒரு நிமிஷம், ஒரு சின்ன சர்ப்ரைஸ்” என்று அவர் நீல வெல்வெட் பெட்டி ஒன்றை நீட்டினார். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். திறந்தேன்.

உள்ளே பளிச்சென்று ஒரு நீல டயல். பெயின்ட் டப்பாவைத் திறந்ததும் மேலே மிதக்குமே, அந்த நீலம். வேறு ஒரு கடிகாரம் வாங்கித் தந்திருக்கிறார் என்று நினைத்து, நன்றி சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் பக்கவாட்டில், மேல் பொத்தானுக்கு அருகே, பிறை மாதிரி ஒரு கீறல் கண்ணில் பட்டது. எனக்கு அந்தக் கீறலைத் தெரியும்.

“பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு!” என்று அவருடைய அம்மா கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “இதுக்காக என் பையன் எத்தனை தடவை அலைஞ்சான் தெரியுமா!”

கைதட்டினார்கள். போட்டோக்காரர், “மேடம், வாட்ச் இந்தப் பக்கம், கொஞ்சம் ஸ்மைல்” என்றார். நான் சிரித்தேன். அந்தப் போட்டோ இன்றும் எங்கள் வீட்டில் எங்கோ இருக்கிறது. கடிகாரத்துக்கு அடித்த நீலத்தைவிட மோசமான பூச்சு அந்தச் சிரிப்பு.

கூடத்தின் பின்னறையில், ட்யூப்லைட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். வெல்லப்பாகு இல்லை. மிச்சமிருந்த கருநீலக் கீற்றும் இல்லை. ‘தண்ணீர் புகாது’ வரி இல்லை. விளிம்பு எண் இல்லை. அதோடும் விடவில்லை. ஓடிய நிமிடங்களைக் காட்டும் சின்ன வட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து அச்சடித்திருந்தார்கள். முள் சரியான இடத்தில் நின்றாலும் எதிரே இருக்கும் கோடு தப்பான எண்ணைச் சொன்னது. நாள் முழுக்க அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் என்னிடம், பொய் சொல்லும் ஒரு கருவியைப் பரிசாகத் தந்திருக்கிறார்கள்.

மாடிப்படி அருகே அவரைத் தனியாகக் கூப்பிட்டேன். சத்தம் போடவில்லை. எனக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும்.

“டயலைத் தொட வேண்டாம்னு சொன்னேன்.”

“அரே, சர்ப்ரைஸ்! நிச்சயத்துக்கு யாராவது அழுகின கலர்ல வாட்ச் கட்டுவாங்களா? அம்மாவும் ஃபீல் பண்ணினாங்க. நல்லதுக்குத்தானே செஞ்சேன்?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் தோளைத் தட்டிவிட்டுப் பந்தியில் சாம்பார் போதுமா என்று பார்க்கப் போய்விட்டார். நான் அந்தப் படிக்கட்டிலேயே நின்றேன்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டியில் ஒட்டியிருந்த கடைப் பெயரைப் பார்த்துக்கொண்டு கரோல் பாக் போனேன். பழைய டயலில் ஏதாவது மிச்சம் இருக்குமா, பூச்சின் ஒரு சில்லாவது கிடைக்குமா என்று ஒரு நப்பாசை.

“ஆயியே மேடம், ஆயியே!” என்றார் கடைக்காரர். கண்ணாடிக்கு அடியில் தட்டுத் தட்டாக ரீடயல்கள். பச்சை, சிவப்பு, ரோஜா நிறம்கூட இருந்தது, மிட்டாய்க் கடை மாதிரி. என் கடிகாரத்தைப் பார்த்ததும் பெருமையாக முகம் மலர்ந்தது. சுரண்டியதில் எதுவும் மிச்சம் இல்லை; மருந்தில் ஊறவைத்தால் எல்லாம் கரைந்துவிடும், தகடுதான் மிஞ்சும் என்று இந்தியில் விளக்கினார்.

“பம்பாயிலிருந்து பார்ட் வர இவ்வளவு நாளா?” என்று கேட்டேன்.

“எந்தப் பார்ட்? மெஷின் அதே வாரம் ரெடி மேடம். டயல் பெயின்டர்தான் லேட் பண்ணினான்.” அப்புறம், நான் கேட்காமலே, சந்தோஷமாகச் சொன்னார்: “நான்கூடக் கேட்டேன், லேடீஸ் சாமான் ஆச்சே, மேடமுக்குத் தெரியுமான்னு. சாப் சொன்னார், ‘மேடம் மனா கரேங்கி, பதானா மத்.’”

மேடம் வேண்டாம் என்பாள், சொல்லிவிடாதே.

என் முகத்தைப் பார்த்துக் கடைக்காரருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, ஒரு சலுகை தருகிறவர் போலச் சொன்னார்: “பிடிக்கலையா மேடம்? பழைய மாதிரியேதான் வேணுமா? கோயி பாத் நஹி, பரவாயில்லை. பழுப்புப் பெயின்ட் அடிச்சுத் தர்றேன்!”

வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறார்.

வீட்டில் அம்மா சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா வாசலை ஒட்டிய நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றேன்.

என் அம்மா திருநெல்வேலி. முப்பது வருடம் டெல்லியில் இருந்தும் அந்தப் பேச்சு மாறவில்லை. “ஏட்டி, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? பேயறைஞ்ச மாதிரி ஒரு பழைய வாட்ச்சு. அதுக்குப் புதுசாப் பெயின்ட் அடிச்சதுக்கு ஒரு கல்யாணத்தை நிறுத்துவாளா ஒருத்தி? நாலு பேரு வாயால சிரிப்பாங்களா?”

“வாட்ச்சுக்காக இல்லைம்மா.”

“பின்ன எதுக்கு?”

“நான் வேண்டாம்னு சொல்வேன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் கேக்கவே இல்லை. கடைக்காரர்கிட்டேயும் சொல்லாதேன்னு சொல்லிவச்சிருக்காரு. பார்ட் வரல, பார்ட் வரலன்னு ரெண்டு மாசம் என்கிட்ட பொய் சொல்லியிருக்காரு.”

கத்தி நின்றது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, அப்பாவைப் பார்த்தாள்.

“ஏங்க, என் கெம்புத் தோடு ஞாபகம் இருக்கா?”

அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். “எந்தத் தோடு?”

“எந்தத் தோடா? நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தப்போ என் சொந்தச் சம்பளத்துல வாங்குனது. சிவப்புக் கல்லு. கல்லு மங்கிப்போச்சு, மாத்திருவோம்னிய. வேண்டாம்னேன். நான் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தப்போ கரோல் பாக்ல குடுத்து உருக்கி, இந்த வெள்ளைக் கல்லு டாப்ஸைப் பண்ணி வச்சிருந்திய.”

அம்மாவின் காதில் அந்த டாப்ஸ் இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அதுதான் இருக்கிறது. ஆசையாகத்தான் போட்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

“நல்லதுக்குத்தானே செஞ்சேன்” என்றார் அப்பா.

“அதைத்தான் சொல்லுதேன். இவனும் நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கான்.”

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். டெலிபோனை நீள ஒயரோடு தூக்கிக்கொண்டு வந்து, பீன்ஸ் தட்டை நகர்த்திவிட்டு என் முன்னால் வைத்தாள்.

“நீயே பேசு. எனக்கு அப்போ வாய் வரல.”

பேசினேன். அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு, “ஒரு டயலுக்காகவா? இன்னொண்ணு வாங்கித் தர்றேன். பத்து டயல் வாங்கித் தர்றேன்!” என்றார்.

“நாளைக்கு வேலை, வீடு, குழந்தைன்னு என்னென்னவோ வரும். எதுக்கெல்லாம் நான் வேண்டாம்னு சொல்வேன்னு உங்களுக்குத் தெரியுமோ, அதையெல்லாம் கேக்காமலே செய்வீங்க. செஞ்சு முடிச்சுட்டு என்னைச் சிரிக்கச் சொல்வீங்க. எனக்கு முடியாது.”

“நீ ரொம்ப ஓவர் பண்றே.”

“இருக்கலாம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எதிர்பார்த்ததுதான். அவருடைய அம்மா தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போன் செய்தார். சிலர் எங்கள் வீட்டுக்கே வந்து, எனக்கு மனசு சரியில்லையோ என்று என் முன்னாலேயே அம்மாவிடம் விசாரித்தார்கள். “அவ மனசு சரியா இருக்கு. காபி குடிக்கியளா?” என்று அம்மா கேட்டாள். மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்க அப்பாதான் போனார். திரும்பி வந்தவர் மறுபடி பேப்பரை எடுத்துக்கொண்டார்.

ஆனால் பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார். “அந்த மாதிரிச் சிவப்புக் கல்லுத் தோடு இப்பவும் கிடைக்கும். வாங்கலாமா?”

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். “கேக்கியளா, இல்ல ஏற்கெனவே வாங்கி வச்சிட்டுச் சொல்லுதியளா?”

“கேக்கத்தான் செய்யுதேன்.”

“கேட்டிய பாத்தியளா, அது போதும். வேண்டாம்.”

அப்பா தலையை ஆட்டினார். வாங்கவும் இல்லை.

அந்தக் கடிகாரம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. தேடினால் அசல் நீல டயல் ஒன்று கிடைக்கலாம். தேடவில்லை. என் கடிகாரங்களுக்காக நான் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் அட்டவணையில் அதன் நேரே, வந்த நிலை பழுப்பு, இப்போதைய நிலை நீலம் என்று எழுதியிருக்கிறேன். மெஷினை அந்தக் கடையில் நன்றாகவே சரிசெய்திருக்கிறார்கள். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முள் பட்டென்று பன்னிரண்டுக்குத் திரும்பிவிடுகிறது. நிறம்தான் திரும்பாது. சில நாள் வேண்டுமென்றே அதைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன். யாராவது எனக்கு நல்லது செய்ய வந்தால், நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு அவர்கள் கை நிற்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.